பெட்ரோலைத் தூக்கிப் பிடித்த மதியம்

என் தம்பி எவெலியோ லெஸ்காய் போராடி ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். வெட்டிவிடலாம் என்று டாக்டர் சொன்ன இரண்டு கைகளையும் வெட்டவிடாமல் காப்பாற்றிக்கொண்டான். "இந்தக் கையை வைத்துக்கொண்டா?" என்று சிரித்துத் திருப்பி அனுப்பிய அதிகாரியிடமே போய்ப் போய் நின்று ஓட்டுநர் உரிமம் வாங்கினான். காப்பிக் கொட்டகையில் கோழிகள் அடைகாத்துக்கொண்டிருந்த 1939ஆம் வருஷத்துச் செவர்லேயை ஓட வைத்தான். யாதெராஸ் மலையிலிருந்து குவாந்தானமோவுக்குப் பேருந்து நின்றுபோன பிறகு ஆட்களை ஏற்றி இறக்கியது அந்த வண்டிதான். "நண்டுக்கு என் பெண்ணைக் கொடுக்க மாட்டேன்" என்று சொன்ன மனிதரின் மகள் மிக்தாலியா, தானே துணிமூட்டையோடு அவன் வீட்டுக்கு வந்தாள். இவை எல்லாம் எங்கள் மலையில் எல்லோருக்கும் தெரிந்தவை. ஓர் ஆகஸ்ட் மதியம் அவன் ஜெயித்தது மட்டும் வண்டியில் இருந்த எங்களுக்குத்தான் முழுதாகத் தெரியும்.

நண்டு என்ற பெயர் ஏன் வந்தது என்பதைச் சொன்னால்தான் மற்றது புரியும். அவனுக்கு எட்டு வயது இருக்கும்போது காப்பி லாரி ஒன்று எங்கள் வீட்டெதிரே நின்றுபோனது. டிரைவர் எஞ்சின் மூடியைத் திறந்து, கார்ப்பரேட்டர் வாயில் நேராகக் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றச் சொல்லி பாட்டிலை இவன் கையில் கொடுத்தார். எங்கள் ஊரில் எல்லோரும் செய்கிற வேலைதான் அது. எஞ்சின் ஒருமுறை பின்பக்கமாக வெடித்தது. ஊற்றிக்கொண்டிருந்த பெட்ரோல் வழியாகவே தீ பாட்டிலுக்கு ஏறியது. வலது கையில் மூன்று விரல்கள் ஒட்டிக்கொண்டு ஒரே கொம்பாகிவிட்டன. இடது கையில் கட்டைவிரலும் பாதிச் சுட்டுவிரலும் மிச்சம். அந்த இரண்டு கைகளையும் சேர்த்து அவன் ஸ்பேனர் பிடிப்பதைப் பார்த்தவர்கள் அப்படிப் பெயர் வைத்தார்கள். அவனும் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் பெட்ரோல் பாட்டிலைத் திறந்து வைத்தால் மட்டும் முகம் வெளுத்து எட்டிப் போய்விடுவான். மெக்கானிக்காக இருந்துகொண்டு அப்படி.

மிக்தாலியாவுக்கு வலி கண்ட காலையில் மருத்துவச்சி ரெமிஹியா வந்து வயிற்றைத் தடவிப் பார்த்தாள். தடவத் தடவ அவள் பேச்சு குறைந்தது. என்னை வாசலுக்குக் கூட்டிப்போனாள்.

"காசில்டா, புள்ள குறுக்க கெடக்கு. நான் திருப்பிப் பாத்தேன், அசைய மாட்டேங்குது. இங்க வச்சிருந்தா ரெண்டு உசுரும் போயிரும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. நின்னு யோசிக்காதீங்க."

அவள் கால் வீங்கிக் கிடந்ததால் கூட வர முடியவில்லை. வழியில் ஏதாவது ஆனால் உதவும் என்று தன் பையை என்னிடம் கொடுத்தாள். நான் பழைய போர்வை, தண்ணீர் டின், வெளுத்த துணிகள் எல்லாம் எடுத்துக்கொண்டேன். கொடியிலிருந்து மரக் கிளிப்புகளையும் ஒரு கை அள்ளிக்கொண்டேன். வெயிலில் ஏற்றத்தில் போகும் வண்டிக்கு அது வேண்டும். பெட்ரோல் குழாயில் வரிசையாகக் கிளிப்பு மாட்டினால் சூடு இறங்கும், உள்ளே ஆவி அடைக்காது என்று எங்கள் பக்கத்தில் எல்லா டிரைவர்களும் நம்புவார்கள். நானும் நம்பினேன்.

சந்தைக்குப் பன்றிக்குட்டி கொண்டு போவதற்காக ஏற்கெனவே இடம் சொல்லி வைத்திருந்த புருடென்சியோ, சாக்கோடு வந்து முன்சீட்டில் ஏறிக்கொண்டார். வழியில் தள்ள ஆள் வேண்டியிருக்கும் என்று எவெலியோவும் அவரை ஏற்றிக்கொண்டான்.

முதல் ஏற்றத்தின் பாதியில் எஞ்சின் இருமியது. இன்னும் கொஞ்சம் போய் நின்றுவிட்டது.

"ஆவிதான் காம்பாய்," என்றார் புருடென்சியோ. ஆண்கள் ஒருவரையொருவர் எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "இந்த வெயில்ல பிசாசுக்கே மூச்சு முட்டும். ஈரத்துணியப் போடு."

பம்ப் மேல் ஈரத்துணி சுற்றினோம். குழாயில் கிளிப்பு மாட்டினோம். சற்று நேரம் கழித்து எஞ்சின் கிளம்பியது. எனக்கு உயிர் வந்தது. ஆனால் அடுத்த வளைவுக்குள் மறுபடியும் நின்றது. மறுபடியும் ஈரத்துணி, இன்னும் கிளிப்பு. கிளம்பியது, முன்னைவிடச் சீக்கிரம் நின்றது. குழாய் முழுக்க என் கிளிப்புகள் முள்ளம்பன்றி மாதிரி நின்றன. பின்சீட்டில் மிக்தாலியா போர்வையைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் கத்தியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

"இன்னும் ரெண்டு கிளிப்பு இருக்கா?" என்று கேட்டார் புருடென்சியோ.

"கிளிப்பு போதும்," என்றான் எவெலியோ. "ஆவியா இருந்தா ஆற ஆறச் சரியாகணும். இது ஒவ்வொரு தடவையும் மோசமாகுது. ஆறினதால கிளம்பல. நாம நிக்கிற நேரத்துல கொஞ்சம் கொஞ்சமா ஒழுகிச் சேருது, அது தீர்ற வரைக்கும் ஓடுது. பம்ப்புதான்."

அவன் கார்ப்பரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றினான். பொறி வராமல் இருக்க இக்னிஷன் காயிலின் வயரையும் பிடுங்கினான். புருடென்சியோவிடம் இருந்த ரம் பாட்டில் பாதி காலியாக இருந்தது. மிச்சத்தைத் தரையில் கொட்டச் சொன்னான். அவர் ஒரே மூச்சில் குடித்து முடித்துவிட்டுப் பாட்டிலை நீட்டினார்.

"மண்ணுக்கு எதுக்கு காம்பாய் போதை?"

குழாய் முனையைப் பாட்டிலுக்குள் விட்டு, முன்னால் கைப்பிடி போட்டு எஞ்சினைச் சுற்றச் சொன்னான். நல்ல பம்ப் ஒவ்வொரு சுற்றுக்கும் குபுக் குபுக்கென்று பீச்ச வேண்டும். இது எச்சில் வடிவதுபோல் வடிந்தது. பம்ப்பின் கண்ணாடிக் கிண்ணத்தைப் பார்த்தான். அழுக்கும் இல்லை, தண்ணீரும் இல்லை. தொட்டியிலிருந்து வரும் குழாயைக் கழற்றி வாயை வைத்து ஊதினான். பின்னால் தொட்டிக்குள் குமிழி விடும் சத்தம் எனக்கே கேட்டது. குழாயில் அடைப்பு இல்லை. கடைசியாக ஆயில் குச்சியை உருவினான். துடைத்து, மறுபடி விட்டு எடுத்தான். அதை மூக்கருகே கொண்டு போனவன், சடக்கென்று கையை நீட்டிக் குச்சியைத் தள்ளிப் பிடித்தான். அந்த முகத்தை நான் அவன் கை எரிந்த நாளில் பார்த்திருக்கிறேன்.

"என்னடா?"

"ஆயில் கோட்டுக்கு மேல ஏறியிருக்கு அக்கா. தண்ணி மாதிரி இருக்கு. பெட்ரோல் வாட. பம்ப்புக்குள்ள சவ்வு கிழிஞ்சிருச்சு. மேல போக வேண்டிய பெட்ரோல் உள்ள எஞ்சின் வயித்துக்குள்ள எறங்கிக்கிட்டு இருக்கு."

வடக்கிலிருந்து கப்பல்கள் வருவது நின்றபிறகு உதிரி பாகம் எதுவும் வருவதில்லை. அந்தச் சவ்வை அவனே ஒரு பழைய மழைக்கோட்டு ரப்பர் துணியில் வெட்டிப் போட்டிருந்தான். நாங்கள் ஈரத்துணி போட்டும் கிளிப்பு மாட்டியும் காத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அது கிழிந்துகொண்டே இருந்திருக்கிறது.

"அப்படின்னா?" என்று கேட்டேன்.

"இப்படியே முடுக்கினா உள்ள உரசி இறுகிப்போகும். இல்லன்னா, உள்ள நெறஞ்ச பெட்ரோல் ஆவியில தீ..." அவன் பின்சீட்டைப் பார்த்தான்.

சாலையில் ஒரு வண்டியும் இல்லை. வரவும் வராது. நடந்து தூக்கிப் போகிற தூரமும் இல்லை. சில்வண்டுகளின் சத்தம் மட்டும் காதைத் துளைத்துக்கொண்டிருந்தது.

புருடென்சியோதான் பேசினார். "இதுக்குப் போயி முழிக்கிறியே நண்டு. பாட்டில்ல பெட்ரோல் எடுத்து நான் மட்கார்டுல ஒக்காந்துக்கிறேன். கார்ப்பரேட்டர் வாயில கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக்கிட்டே வர்றேன். எங்க மாமா இப்படியே சந்தியாகோ வரைக்கும் போயிருக்காரு."

சொல்லிக்கொண்டே அவர் பாட்டிலோடு குனிந்தார். எவெலியோ அதைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்தான். கீழே எங்கோ உடைந்தது.

"என் வண்டியில எவனும் வாயில ஊத்த மாட்டான்."

"அப்ப உன் பொண்டாட்டி இங்கயே பெக்கட்டும்!"

எவெலியோ வண்டியின் பின்பக்கம் போய்ச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டான். நான் பக்கத்தில் போய் நின்றேன். உள்ளே இருந்து மிக்தாலியா கூப்பிட்டாள்.

"எவெலியோ."

"ம்."

"எனக்கு முதுகு பிச்சுக்கிட்டுப் போகுது. பயப்படணும்னா வண்டிய ஓட்டிக்கிட்டே பயப்படு."

அவன் எழுந்தான். முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

"வாயில ஊத்தறதுதான் தப்பு அக்கா. மூடின குழாய்ல பெட்ரோல் வந்து சேர வேண்டிய எடத்துல சேந்தா கார்ப்பரேட்டரே தனக்கு வேணுங்கிறத எடுத்துக்கும். பம்ப்பே வேண்டாம். ஒசரத்துல ஒரு டப்பா வேணும், அடியில ரப்பர் குழாய் வேணும். எங்க போறது இந்த நடுக்காட்டுல?"

ரெமிஹியாவின் பையில் என்ன இருக்கிறது என்று நான் வீட்டிலேயே ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து அடுக்கியிருந்தேன். பையைத் திறந்து எனிமா டப்பாவை எடுத்து நீட்டினேன். வெள்ளை எனாமல் டப்பா, மூடியோடு. அடியில் நீள ரப்பர் குழாய். குழாயில் அழுத்தி மூடுகிற இரும்புக் கிளிப்பு.

அவன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். புருடென்சியோ சிலுவை போட்டுக்கொண்டார்.

மிக்தாலியா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "எனக்குன்னு எடுத்து வந்தத அந்தக் கெழட்டு வண்டிக்கு வைக்கிறியா? பரவால்ல, ரெண்டு பேருக்கும் மலச்சிக்கல்தான்," என்றாள். சிரிக்கப் போனவள் வலியில் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். பிறகுதான் முதன்முதலாகக் கத்தினாள்.

எவெலியோ அவசரப்படவில்லை. அது எனக்குத் தாங்கவில்லை. எஞ்சினுக்கு அடியில் படுத்து ஆயிலைத் திறந்து, கூடுதலாக ஏறியது வடியும்வரை விட்டு மூடினான். பம்ப்புக்கு வந்த குழாயின் வாயில் குச்சி செதுக்கி அடைத்தான். டப்பாவின் அடிவாயை நான் விரலால் அடைத்துக்கொள்ள, அதே ரப்பர் குழாயைக் கழற்றித் தொட்டிக்குள் விட்டு வாயால் உறிஞ்சி டப்பாவை நிரப்பினான். பெட்ரோல் உதட்டில் பட்டபோது கண்ணை இறுக மூடிக்கொண்டான். குழாயை ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்து, பிறகுதான் டப்பாவிலும் கார்ப்பரேட்டரிலும் மாட்டிக் கம்பியால் இறுக்கினான். அதற்கும் மேல், கழற்றி வைத்திருந்த காற்று வடிகட்டியை எடுத்துத் திரும்பப் பொருத்த ஆரம்பித்தான்.

"அது எதுக்குடா இப்ப? அவ கத்தறது கேக்கலயா?" என்று நான் கத்திவிட்டேன்.

"கேக்குது அக்கா. அதனாலதான் மாட்டறேன். பின்னால வெடிச்சா தீ இதுக்குள்ளயே நிக்கும்."

எங்கள் பக்கத்தில் பாதி வண்டிகளில் அந்த வடிகட்டியே கிடையாது.

டப்பாவை யார் பிடிப்பது என்று கேட்பதற்கு முன்பே நான் மட்கார்டில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். புருடென்சியோவின் கை ரம்மில் ஆடியது. எவெலியோ ஓட்ட வேண்டும். எஞ்சின் மூடியின் என் பக்கத்து இறக்கையைத் திறந்து கட்டினான். டப்பாவை எவ்வளவு உயரத்தில் பிடிக்க வேண்டும், சாய்க்காமல் எப்படிப் பிடிக்க வேண்டும், என்ன நடந்தாலும் முதலில் குழாய்க் கிளிப்பை அழுத்திவிட வேண்டும் என்று மெல்லிய குரலில் சொன்னான். ஈரப் போர்வையை என்மேல் சுற்றிவிட்டான்.

"அக்கா, எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கு இல்லன்னு நெனச்சியா? ஏறு."

புருடென்சியோவை மற்ற மட்கார்டில் உட்காரவைத்து, பள்ளம் வந்தால் கத்தும் வேலை கொடுத்தான். அவர் பழக்கத்தில் சட்டைப்பையிலிருந்து சுருட்டை எடுத்து வாயில் வைத்தார். தீப்பெட்டியைத் தடவுவதற்குள் எவெலியோ கண்ணாடி வழியாகப் போட்ட சத்தத்தில் சுருட்டு, தீப்பெட்டி இரண்டுமே சாலையில் விழுந்தன.

எஞ்சின் கிளம்பியது. சீராக ஓடியது. அந்தச் சத்தத்தில் எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. தலைக்கு நேரே ஒரு டப்பா பெட்ரோல், முழங்காலுக்குக் கீழே கொதிக்கிற இரும்பு. ஒவ்வொரு குலுக்கலிலும் மூடியின் ஓரத்தில் ஒரு சொட்டு கசிந்து முழங்கை வழியாக இறங்கியது. குளிர்ந்தது. அது குளிர்ந்ததுதான் பயமாக இருந்தது. தோள் மரத்தது. கையை மாற்ற முடியாது. பின்னால் மிக்தாலியாவின் குரல் கேட்கும்போது ஒரு பயம். கேட்காமல் போகும்போது வேறொரு பயம்.

"பள்ளம்! இடது பக்கம் பள்ளம்! அட, வலது பக்கமும்!" என்று கத்திக்கொண்டே வந்தார் புருடென்சியோ. உள்ளே அவருடைய பன்றிக்குட்டியும் கத்தியது.

கடைசி ஏற்றத்தின் உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி சாய்ந்தபோது குழாய் மடங்கியிருக்க வேண்டும். எஞ்சின் தடுமாறியது. திணறியது. பிறகு வெடித்தது.

துப்பாக்கிச் சத்தம் போலிருந்தது. வடிகட்டியின் இடுக்கில் நீலமாக ஒன்று எட்டிப் பார்த்தது. நான் கிளிப்பை அழுத்தினேன். அழுத்தினேன் என்று பிறகுதான் எனக்கே தெரிந்தது. டப்பா கையில் இருந்தது. கை எரியவில்லை. என்மேல் எதுவும் எரியவில்லை. நீலம் வடிகட்டிக்குள்ளேயே புஸ்ஸென்று அணைந்தது. புருடென்சியோ மட்கார்டில் இல்லை. புதரில் கிடந்தார்.

எவெலியோ இறங்கி ஓடிவந்தான். என் கைகள், முகம், முடி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். நான் சொன்னேன்:

"உள்ளயே நின்னுருச்சுடா. நீ சொன்ன மாதிரியே."

அவன் மடங்கிய குழாயை நேராக்கினான். வடிகட்டியைக் கழற்றி உள்ளே பார்த்து, மறுபடி பொருத்தினான். மறுபடியும் ஸ்டியரிங்கைப் பிடித்தான். பெட்ரோலைப் பார்த்தாலே எட்டி ஓடுகிறவன், தீயைக் கண்ணால் பார்த்த பிறகும் அதே வண்டியை முடுக்கினானே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். கைகளைக் காப்பாற்றியதைக்கூட இதற்கு அடுத்துத்தான் வைப்பேன்.

புருடென்சியோ புதரிலிருந்து எழுந்து வந்து ஏறிக்கொண்டு, "பள்ளம்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன்," என்றார்.

அதற்குப் பிறகு இறக்கம்தான். எஞ்சினில் தட்டும் சத்தம் ஒன்று புதிதாகக் கேட்க ஆரம்பித்தது. மெலிந்த ஆயில் தன் வேலையைக் காட்டுகிறது என்று எனக்கும் புரிந்தது. அவன் வேகம் கூட்டவில்லை. குவாந்தானமோவின் முதல் வீடுகள் தெரிந்தபோது மிக்தாலியா சத்தமே இல்லாமல் கிடந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றது. நிறுத்தினானா, தானாக நின்றதா என்று தெரியாது. தூக்குக் கட்டில் வந்தது. அவளை உள்ளே கொண்டு போனார்கள். பெட்ரோல் வாடையோடு எங்களை யாரும் உள்ளே விடவில்லை. மரத்தடியில் நின்றோம். என் கை இன்னும் மேலேயே இருப்பதுபோல வலித்தது. எவெலியோ கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். யாராவது வெளியே வந்தால் ஓரடி முன்னால் வைத்துவிட்டுப் பின்வாங்குவான்.

ஒரு நர்ஸ் வந்து, "லெஸ்காய் யாரு?" என்று கேட்டாள். நான் அவனைக் காட்டினேன்.

"பொண்ணு. வயித்த அறுத்துத்தான் எடுத்தோம். அம்மாவும் இருக்காங்க. ரெண்டு பேரும் இருக்காங்கய்யா. நிக்கிறீங்களா, ஒக்காருறீங்களா?"

அவன் உட்கார்ந்துவிட்டான்.

குழந்தைக்கு சோய்லா என்று பெயர் வைத்தார்கள். மிக்தாலியா எழுந்து நடமாடியதும், குழந்தையைப் பதிவு செய்ய நாங்கள் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். அவர்களுக்கு முறைப்படி கல்யாணம் ஆகியிருக்கவில்லை. அதனால் தகப்பன் நேரில் வந்து, இது என் பிள்ளை என்று சொல்லி எழுதிக்கொடுத்தால்தான் குழந்தைக்கு லெஸ்காய் என்ற பெயர் சேரும். அங்கே இருந்த பெண் நல்லவள். அவன் கைகளைப் பார்த்துவிட்டு கைநாட்டு வைக்க மைப்பெட்டியை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள். விரலை வைத்தால் வெறும் கறைதான் விழும், தீ ரேகைகளைத் தின்றுவிட்டது என்றேன். அப்படியானால் உடன்பிறந்தவள் அவனுக்காகக் கையெழுத்துப் போடலாம் என்றாள். ஓட்டுநர் உரிமத்துக்கும் வண்டிக்கும் நான்தான் போட்டிருந்தேன். எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்க மலைக்கு வந்த வாத்தியார்ப் பெண்ணிடம் அவன் வாசிக்கக் கற்றுக்கொண்டான். பென்சிலை மட்டும் ஆட்கள் முன்னால் தொட்டதே இல்லை. வழக்கம்போல நான் பேனாவை எடுத்தேன்.

"இந்தத் தடவ வேண்டாம் அக்கா," என்றான். "டப்பாவத்தான் நீ புடிச்ச. இத நான் புடிக்கிறேன்."

இரண்டு கைகளாலும் ஸ்குரூ டிரைவரைப் பிடிப்பதுபோலப் பேனாவைப் பிடித்தான். குழந்தையை மிக்தாலியா தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். எழுத்துகள் பெரிதாக, கோட்டை விட்டு வெளியேயும் போயின. அந்தப் பெண் அவசரப்படுத்தவில்லை. எவெலியோ லெஸ்காய் என்று என் தம்பி முதன்முதலில் தன் பெயரைத் தானே எழுதிக் கையெழுத்திட்டது 1963, ஆகஸ்ட் 30, வெள்ளிக்கிழமை.